வண்டி வாங்குவதா, பேருந்திலேயே போய் வருவதா?

இழையைத் தொடங்கியவர்: சத்துவாச்சாரிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூர் சத்துவாச்சாரியில் குடியிருக்கிறேன். இராணிப்பேட்டையில் தோல் காலணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் இரண்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் ஆகியவற்றைத் தயார் செய்து, சென்னைத் துறைமுகத்தில் சரக்கைக் கவனித்துக்கொள்ளும் ஏஜென்ட்டுக்கு அனுப்பி வைப்பது என் பொறுப்பு. ஒரு ஜோடி எண்ணிக்கை பிசகினாலும் சரக்கு அங்கேயே நின்றுவிடும் என்பதால், காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை என் கண்ணில் எண்களைத் தவிர வேறொன்றும் படுவதில்லை.

சில மாதங்களாக வீட்டில் ஒரே பேச்சு: தவணையில் ஒரு வண்டி எடுத்துவிடு என்பது. அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நிறுத்தத்தில் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால், பேருந்தில் போவதற்கு ஒன்றேகால் மணி நேரமும் வருவதற்கு ஒன்றரை மணி நேரமும் ஆகின்றன. வண்டியில் போனால் முக்கால் மணி நேரம் போதும். “நாள் ஒன்றுக்கு ஒன்றேகால் மணி நேரம் மிச்சம், வீட்டுக்கும் ஒரு வண்டி ஆகும்” என்கிறார். ஷோரூமில் விசாரித்ததில் மாதத் தவணை 3,400 ரூபாய் என்றார்கள். கையில் வருவது 19,000 ரூபாய். முடியாத காரியம் இல்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. அதற்கான காரணத்தை அப்பாவிடம் சொல்லத் தெரியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

மாலையில் இராணிப்பேட்டை முத்துக்கடையில் பேருந்து ஏறும்போது அன்றைய எண்கள் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். 1,248 ஜோடி என்று அடித்தோமா, 1,284 என்று அடித்தோமா என்ற சந்தேகம் ஆற்காடு வரை கூடவே வரும். மேல்விஷாரத்தில் பாதிப் பேருந்து இறங்கி, இன்னொரு பாதி ஏறும். அந்த நெரிசலில் எண்கள் கொஞ்சம் சிதறும். பூட்டுத்தாக்கு வரும்போது அடங்கிவிடும். பெருமுகையில் எழுந்து படிக்கட்டுப் பக்கம் வரும்போது வீட்டில் என்ன சமையல் என்று நினைக்கத் தொடங்கியிருப்பேன். இது ஏதோ ஒருநாள் நடந்ததில்லை. இரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாலும் இதே ஊர்களில் இதே வரிசையில் நடக்கிறது.

ஒருமுறை உடன் வேலை பார்ப்பவரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் வீடு வந்து சேர்ந்தேன். அம்மா சாதாரணமாக ஏதோ கேட்டார், நான் எரிந்து விழுந்தேன். அலுவலகத்தில் மேலாளரிடம் காட்ட முடியாத கோபம் அது. வழியில் எங்கும் இறங்காமல் அப்படியே வீட்டுக்குள் வந்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தின் மீது ஒரு மரியாதை உண்டாகிவிட்டது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஆற்காட்டுக்கும் இராணிப்பேட்டைக்கும் நடுவே பாலாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறியதும், பேசிக்கொண்டிருப்பவர்கள் ஒரு கணம் பேச்சை நிறுத்தி ஆற்றைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கைப்பேசியில் மூழ்கியிருப்பவர்களும் நிமிர்கிறார்கள். அங்கே பெரும்பாலான நாட்களில் மணலும் சீமைக்கருவேலமும்தான் இருக்கின்றன. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதைப் பார்த்தவர்கள் என்பதால் இப்படிப் பார்க்கிறார்களா, அல்லது இது அதற்கும் முந்தைய பழக்கமா என்பதைப் பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

பேருந்திலோ ரயிலிலோ நாள்தோறும் போய் வருபவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். வண்டி வாங்கியபின் வருந்தியவர்களும், வாங்காமல் வருந்தியவர்களும் எழுதினால் எனக்கு உதவியாக இருக்கும்.

பதில் 1: காட்பாடி சீசன்

தம்பி, நான் காட்பாடியிலிருந்து சென்னைக்கு சீசன் டிக்கெட்டில் ஆறு ஆண்டுகளாகப் போய் வருகிறேன். ரயில்வே சீசன் டிக்கெட் 150 கிலோமீட்டர் வரைதான் தருகிறது. காட்பாடி ஏறக்குறைய 130 கிலோமீட்டரில் இருப்பதால் நமக்கு அது வாய்த்திருக்கிறது. விடியற்காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்தால் அலுவலக நேரத்துக்குள் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். போக வர நான்கு மணி நேரத்துக்கு மேல் ரயிலிலேயே கழிகிறது. உறவினர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கள் பெட்டியில் ஒரு சிறு ஊரே இருக்கிறது. வாலாஜா ரோட்டில் ஏறும் ஒருவர் ஆண்டுக்கணக்காக ஒரே ஜன்னலோரம்தான் நிற்பார், இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். சோளிங்கரில் ஏறும் அக்கா அரக்கோணம் தாண்டுவதற்குள் இரண்டு முழம் பூத் தொடுத்து முடித்துவிடுவார். யாராவது இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் மற்றவர்கள் தொலைபேசியில் விசாரிக்கிறோம். என் அலுவலகத்தில் நான் ஒரு வாரம் போகாவிட்டாலும், விடுப்பு எழுதிக்கொடுத்தேனா என்றுதான் கேட்பார்கள்.

இதன் அருமை எனக்கு 2021 டிசம்பரில்தான் தெரிந்தது. திருவலம் அருகே பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு ரயில்களை நிறுத்தினார்கள். சில நாட்கள் நான் பேருந்தில் போனேன். நேரம் அதிகமாகப் போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் பக்கத்தில் இருப்பவர் யாரென்றே தெரியாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தது மிகவும் வருத்தமாக இருந்தது.

என் கருத்து: அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

பதில் 2: தொரப்பாடி

கணக்கை முழுதாகப் போடுங்கள். போக வர 54 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மாதம் 25 நாட்களுக்கு 1,350 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 முதல் 50 கிலோமீட்டர் கிடைக்கும் வண்டிக்கு 27 முதல் 30 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்கும் பெட்ரோலுக்கு மட்டும் 3,000 ரூபாய் ஒதுக்க வேண்டும். தவணையோடு சேர்த்தால் 6,400 ரூபாய் ஆகிறது, அதாவது உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு. சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ் ஆகியவை இதில் சேரவில்லை.

பதில் 3: குடியாத்தம் கணக்கு

சத்துவாச்சாரிக்காரர் அழகாக எழுதியிருக்கிறார். படிக்கும்போது எனக்கும் அந்தப் பேருந்தில் உட்கார்ந்து வருவது போல் இருந்தது. ஆனால் “உட்கார்ந்து” என்ற சொல்லில்தான் என் மறுப்பு இருக்கிறது.

என் ஊர் குடியாத்தத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. வேலூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஜிஎஸ்டி தாக்கல் காரணமாக மாதந்தோறும் 11-ஆம் தேதியை ஒட்டியும் 20-ஆம் தேதியை ஒட்டியும் எங்களுக்கு நேரம் காலம் கிடையாது. இரவு ஏழரைக்குக் கிளம்பினால் அதுவே சீக்கிரம். நகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, அது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் எங்கள் ஊருக்குள் வரும் கடைசிப் பேருந்து எட்டு மணிக்கு முன்பே போய்விடும். அதன்பின் நான்கு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அல்லது அப்பா மிதிவண்டியில் வந்து காத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் அவர் அப்படிக் காத்திருந்தார். மழைக்காலத்தில் புளியமரத்தடியில் குடையோடு நிற்பார். பேருந்து தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும், அவர் அங்கே நிற்கிறார் என்ற நினைப்பிலேயே எனக்குக் கழியும். ஜன்னலுக்கு வெளியே எதையும் நான் பார்த்ததில்லை.

நெரிசலில் நின்றுகொண்டு வரும் பெண், முதுகுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதிலேயே முழுக் கவனத்தையும் வைக்க வேண்டியிருக்கும். பையை மார்போடு அணைத்துப் பிடிப்பது பணத்துக்காக மட்டும் அன்று. உங்களுக்கு அலுவலகத்தின் எண்கள் பூட்டுத்தாக்கில் அடங்குகின்றன. எனக்கு வீட்டு வாசலை மிதித்த பிறகுதான் தோள்பட்டை இறங்கும்.

சென்ற ஆண்டு தவணையில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினேன். ஆனால் வேலூர் வரை ஓட்டுவதில்லை. குடியாத்தம் பேருந்து நிலையத்துக்கு அருகே சைக்கிள் ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் பேருந்தில் போகிறேன். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே போகும் பயமும் இல்லை, பெட்ரோல் செலவும் அதிகம் இல்லை. அப்பா இப்போது எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வாங்கியதற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை.

பதில் 4: வாலாஜாபேட்டை முதியவன்

தம்பி, ஆற்றைப் பார்ப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது 2021-க்கு முந்தைய பழக்கம்தான். நான் அரசு அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1989-இல் பிரிக்கப்படும் வரை வட ஆற்காடு ஒரே மாவட்டம், திருவண்ணாமலையும் அதற்குள்தான் இருந்தது. எந்தக் கோப்பில் கையெழுத்து வேண்டுமானாலும் வேலூருக்குத்தான் எடுத்துக்கொண்டு போக வேண்டும். மடியில் கோப்பை வைத்துக்கொண்டு வாரத்துக்கு மூன்று நாள் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறேன். அப்போதும் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். என் தந்தையார் பேருந்தில் உட்கார்ந்தபடியே ஆற்றை நோக்கிக் கைகூப்புவார். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது அவருக்குக் கணக்கில்லை.

2019-இல் இராணிப்பேட்டை தனி மாவட்டம் ஆனபின் அந்தக் கோப்புப் பயணம் எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாமல் போயிற்று. இப்போது நீ வேலூரிலிருந்து இந்தப் பக்கம் வேலைக்கு வருகிறாய். பாதை மாறவில்லை, போகும் திசைதான் திரும்பியிருக்கிறது என்பதை நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. காட்பாடி அன்பருக்கும் ஒரு செய்தி: 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து சேர்ந்தது எங்கள் வாலாஜா ரோட்டுக்குத்தான். வாலாஜா ரோட்டுக்குக் கிழக்கே நீங்கள் நாள்தோறும் போவது பெரும்பாலும் அந்த முதல் பாதையில்தான்.

வண்டியைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நம் பக்கத்து வெயிலை மறந்துவிடாதே. சென்னையில் கடற்காற்று பகலிலேயே வந்துவிடும். அது நம்மை வந்தடைய மாலை ஆகும், சில நாள் வராமலே போய்விடும். பகலெல்லாம் சூடேறிய பாறைக் குன்றுகள் இரவிலும் அந்தச் சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். அக்கினி நட்சத்திரத்தில் மாலை ஆறு மணிக்குத் தார்ச்சாலையிலிருந்து வரும் அனலைத் தலைக்கவசத்துக்குள் வாங்கிக்கொண்டு 27 கிலோமீட்டர் போவதென்றால், உடம்பு எட்டாம் நாளே பதில் சொல்லும். நான் இளமையில் மிதிவண்டியில் போனவன், அதனால் சொல்கிறேன்.

பதில் 5: அணைக்கட்டு

நான் அணைக்கட்டுப் பக்கத்திலிருந்து வேலூருக்குப் போய் வருகிறேன். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் காலைப் பேருந்தில் மூட்டை மூட்டையாக வரும். சாக்கைத் தாண்டி முள் குத்தும் என்பதால், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் மூட்டையைச் சுற்றி ஒரு முழ இடம் காலியாகவே இருக்கும். கத்தரிக்காய்க்காரப் பாட்டி அந்த இடத்தில் கல்லூரிப் பெண்களை அழைத்து நிறுத்திக்கொள்வார். “இங்க வந்து நில்லு கண்ணு, இங்க எவனும் வரமாட்டான்” என்பார். குடியாத்தம் சகோதரி எழுதியதைப் படித்தபின்தான் அந்தப் பாட்டி செய்வது என்ன என்று எனக்கு விளங்கியது. இத்தனை நாளும் நான் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் 6: சத்துவாச்சாரிக்காரன்

எழுதிய அனைவருக்கும் நன்றி. குடியாத்தம் அக்கா, உங்கள் பதிலை இரண்டு முறை படித்தேன். நான் ஏறும் முத்துக்கடை நிறுத்தத்தில் ஷூ கம்பெனிப் பெண்கள் எத்தனையோ பேர் நிற்கிறார்கள். பேருந்து வந்ததும் நான் ஓடிப்போய் ஜன்னலோரம் பிடித்துவிடுவேன். அவர்கள் எந்த ஊரில் இறங்குகிறார்கள், இறங்கியபின் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. என் அமைதிக்கு அந்த இருக்கையும் ஒரு காரணம் என்பதை நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

வாலாஜா ஐயா, உங்கள் தந்தையார் கைகூப்பியதை அப்பாவிடம் சொன்னேன். அவருடைய தாத்தாவும் அப்படித்தான் செய்வாராம்.

நண்பர் ஒருவர் ஒரு வாரத்துக்குத் தம் வண்டியைத் தருவதாகச் சொல்கிறார். ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பதில் 7: சத்துவாச்சாரிக்காரன்

ஆறு நாட்கள் ஓட்டிப் பார்த்தேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நேரம் மிச்சமானது உண்மை. காலையில் அரை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினேன். அம்மா அவசரமில்லாமல் சமைத்தார். செவ்வாய்க்கிழமை ஒரு சரக்கின் தாள்களில் திருத்தம் வந்து ஏழே முக்கால் வரை இருக்க நேர்ந்தபோது, கடைசிப் பேருந்தைப் பற்றிய பதற்றம் இல்லாமல் வேலையை முடித்தேன். ஆனால் ஆறு நாளும் போக வரப் பன்னிரண்டு முறை பாலத்தைக் கடந்தேன், ஒருமுறைகூட ஆற்றைப் பார்க்கவில்லை. முன்னால் போகும் லாரியின் பின்விளக்கும் பக்கக் கண்ணாடியும்தான் கண்ணில் இருந்தன. வியாழக்கிழமை மாலை பெருமுகை அருகே மழை பிடித்துக்கொண்டது. ஒரு கடையின் தகரக் கூரைக்கடியில் முக்கால் மணி நேரம் நின்றேன். அலுவலக எண்களும் என்னோடு அங்கேயே நின்றன.

வண்டி முக்கியமான காரியத்துக்கு உதவியது வேறொரு நாள். தங்கை பாகாயம் பக்கம் நர்சிங் படிக்கிறாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு வார்டு பயிற்சி முடிய நேரமாகிவிட்டது. வழக்கமாக 1 அல்லது 2 எண் பேருந்தில் ஏறி, வழியில் இறங்கி, சத்துவாச்சாரிப் பேருந்துக்கு மாறுவாள். வண்டிதான் இருக்கிறதே என்று அழைத்துவரப் போனேன். வரும் வழியில், நெடுஞ்சாலை நிறுத்தத்திலிருந்து எங்கள் ஃபேஸ் (குடியிருப்புப் பகுதி) வரை உள்ள சாலையைக் காட்டி, “இங்கே மட்டும் வேகமாக நடந்துவிடுவேன் அண்ணா” என்றாள். இரண்டு தெருவிளக்குகள் எரியவில்லை, நான்கைந்து நாய்கள் படுத்திருந்தன. நான் அந்த நிறுத்தத்தில்தான் நாள்தோறும் இறங்குகிறேன், அந்தச் சாலையில்தான் நடக்கிறேன். பெருமுகையிலேயே வீட்டில் என்ன சமையல் என்று நினைக்கத் தொடங்குவேன் என்று முதல் பதிவில் எழுதியிருந்தேன் அல்லவா? அதே நினைப்போடு நடக்கும் சாலைதான் இது. எட்டு மாதங்களாக இதைப் பற்றி வீட்டில் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசினேன். பைக் வேண்டாம், தங்கையும் ஓட்டும்படி ஸ்கூட்டராக எடுப்போம் என்றேன். வீட்டிலிருந்து கல்லூரிக்கு நெடுஞ்சாலையில் போக வேண்டியதில்லை, ஊருக்குள்ளேயே போய்விடலாம். தவணை நான் கட்டுகிறேன். அப்பா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, “ஹெல்மெட் இரண்டாக வாங்கு” என்றார். அவளுக்கு எல்எல்ஆர் வாங்கியிருக்கிறோம். முப்பது நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்ட முடியும் என்பதால், அதுவரை அவளை மாலையில் நானோ அப்பாவோ போய் அழைத்துவருகிறோம்.

நான் பேருந்திலேயே தொடர்கிறேன். ஒரு மாற்றம் செய்திருக்கிறேன்: முத்துக்கடையில் ஓடிப் போய் இடம் பிடிப்பதில்லை. மேல்விஷாரம் வரை நின்றுகொண்டே வருகிறேன், அதன்பின் எப்படியும் இடம் கிடைத்துவிடுகிறது. முதல் நாள் நடத்துநர், “இன்னா தம்பி, சீட்டு கீதே, குந்தலியா?” என்று கேட்டார்.

நேற்று மாலை பாலத்தில் ஏறியதும் வழக்கம்போல் எல்லோரும் திரும்பினார்கள். பொன்னைப் பக்கம் நல்ல மழை போலிருக்கிறது. மணலுக்கு நடுவே ஒரு வாய்க்கால் அகலத்துக்குச் செந்நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்றிருந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், நானும் குனிந்து பார்த்தேன். வாலாஜா ஐயா, உங்கள் பக்கம் வந்து சேர்ந்துவிட்டதா?

பதில் 8: வாலாஜாபேட்டை முதியவன்

வந்துவிட்டது தம்பி. இன்று காலை பேரனை அழைத்துக்கொண்டு பாலாற்று அணைக்கட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போகும் கால்வாயில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் போகிறது.